மரத்தின் காயமும் வெட்டும் கையும்

பாலாற்றங்கரையில் வாழும் நமக்கு மரப்பட்டையின் அருமையை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாதனூர், ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் தொழில் முற்காலத்தில் ஆவாரம்பட்டையை நம்பியே நடந்தது. தோலை அழுகாமல் காத்த அந்தப் பட்டையின் துவர்ப்புப் பொருள், மரத்திற்கும் ஒரு காவலே. இருந்தும், கிளை வெட்ட வேண்டுமென்றால் அரிவாள் வைத்திருக்கும் யாரையாவது அழைத்துவிடுகிறோம்.

நம் விரலில் பட்ட காயம் சில நாட்களில் ஆறிவிடும். மரத்தின் காயம் ஆறுவதே இல்லை! அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்து இதைக் கண்டறிந்தார். அழுகல் பரவாதபடி மரம் உள்ளே சுவர் எழுப்பிக்கொள்கிறது. பிறகு மேலே புதுக்கட்டை வளர்ந்து காயத்தை மூடுகிறது. அழுகிய பகுதி உள்ளேயே இருக்கும்.

ஆகவே வெட்டும் இடமே முக்கியம். மாணவியரே, ஒரு வேப்பமரத்தடிக்குச் சென்று, கிளை அடிமரத்தோடு சேருமிடத்தைத் தடவிப் பாருங்கள். சற்றே புடைத்த வளையம் ஒன்று தென்படும். காயத்தை மூடும் வேலை அங்கிருந்துதான் நடக்கிறது. அடிமரத்தோடு ஒட்ட வெட்டினால் வளையம் போய்விடும். நீளமாக முளைக்குச்சி போல விட்டால் அது அழுகி, அழுகல் உள்ளே இறங்கும். வளையத்திற்குச் சற்று வெளியே வெட்டுவதே முறை. பெரிய கிளையானால் முதலில் அடிப்புறம் சிறிது அறுத்துக்கொண்டு, பிறகு மேலிருந்து அறுப்பார்கள். இல்லாவிட்டால் விழும் கிளை பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். வெட்டுவாயில் தார் பூசுவதால் அழுகல் நிற்பதில்லை.

உச்சியை மொட்டையடிப்பது எல்லாவற்றிலும் கொடிது. இலைதானே மரத்தின் சமையலறை! அவசரமாகத் துளிர்க்கும் புதுக்கிளைகள் மேலோட்டமாகவே ஒட்டியிருக்கும். சில ஆண்டுகளில் அவை பருத்து, காற்றடித்தால் முறியும். அந்த நிழலில்தான் சிறுமியர் மதிய உணவு உண்கிறார்கள். ஆபத்தைத் தவிர்க்க வெட்டியதே ஆபத்தாக முடிகிறது.

அறிந்தவர் கையில் மரம் பிழைப்பதும் உண்டு. தெலங்கானாவில் மகபூப்நகர் அருகே பில்லலமர்ரி என்னும், சுமார் 700 ஆண்டுப் பழமையானதெனக் கூறப்படும் ஆலமரம் உள்ளது. கரையான் அரித்து 2017-ல் அதன் பெருங்கிளை ஒன்று விழுந்தது. 2018-ல் வனத்துறையினர், நோயாளிக்கு ஏற்றுவது போலப் பாட்டில்களைத் தொங்கவிட்டுச் சொட்டுச் சொட்டாகக் கரையான் மருந்து செலுத்தினர். சாய்ந்த கிளைகளுக்குத் தூண்கள் கட்டினர்.

மேலைநாடுகளில் தேர்வெழுதிச் சான்று பெற்ற மரப் பராமரிப்பாளர்கள் உண்டு. நம் பக்கம் அப்படி ஒருவர் எளிதில் கிடைப்பதில்லை. வனத்துறையிடமும், மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் பயின்றோரிடமும் யோசனை கேட்கலாம். "கூலி வேண்டாம், விறகு போதும்" என்பவரிடம் பெற்றோர் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. அதிகம் வெட்டினால்தானே அவருக்கு லாபம்! கயிறும் தலைக்கவசமும் கொண்டுவருகிறாரா, எந்தக் கிளையை ஏன் வெட்டுகிறார் என்று சொல்லத் தெரிகிறதா என்று பாருங்கள்.

கேட்க வேண்டியது இன்னொன்றும் உண்டு: அடியில் பூசிய சிமெண்டை என்ன செய்வது? டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமெண்டைப் பெயர்த்தெடுக்கும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் உத்தரவிட்டது. வேருக்கு நீரும் காற்றும் போக அந்த இடமாவது வேண்டும்.