முதல் ரிப்போர்ட்டில் கையெழுத்திடப் போகும் உனக்கு

கண்ணு, கல்ச்சர் அறைக்குப் புதிதாய் வந்திருக்கிறாய். செய்முறையைப் புத்தகம் சொல்லித்தரும். நான் சொல்வது மற்றதை.

1. பிளேட்டைத் திறக்குமுன் கூட வந்த சீட்டைப் படி. மாதிரி உடலில் எங்கிருந்து வந்தது என்று அதில்தான் இருக்கும். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் நல்ல ஆரோக்கியமான பத்துப் பேரில் ஏறக்குறைய மூவர் மூக்கில் சும்மா குடியிருக்கும். அதுவே ரத்தத்தில் வளர்ந்தால் உயிர்ப் பிரச்சினை. எனக்குக் கற்றுத்தந்த ஆசிரியை சீட்டில்லாத மாதிரியைக் கையால் தொடமாட்டார்.

2. வார்டிலிருந்து எத்தனை போன் வந்தாலும் பதறாதே. பதறாத காரியம் சிதறாது. உதாரணத்துக்கு, கிளிண்டாமைசின் டிஸ்கைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் அகலமாய் இருக்கும். ‘மருந்து கேட்கும்’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். பொறு. பக்கத்தில் எரித்ரோமைசின் டிஸ்க் வைத்தாயா? பிளேட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார். எரித்ரோமைசினை நோக்கிய பக்கம் மட்டும் வட்டம் நசுங்கி, ஆங்கில ‘D’ எழுத்தாய் நிற்கிறதா? அப்படியென்றால் எதிர்ப்பு உள்ளே ஒளிந்திருக்கிறது. சிகிச்சை நடுவழியில் தோற்கலாம். ஸ்கேல் வைத்து அளப்பவர் எல்லோரும் இதைப் பார்ப்பதில்லை.

3. கிருமியைக் குறைத்து எடை போடாதே. 1960 வாக்கில் மெத்திசிலின் மருந்து வந்தது. 1961-லேயே அதற்கு அடங்காத ஆரியஸை (எம்.ஆர்.எஸ்.ஏ.) இங்கிலாந்தில் பாட்ரீசியா ஜெவன்ஸ் பதிவு செய்துவிட்டார். அதன் மெக்-ஏ மரபணு, மருந்து பற்றிக்கொள்ள முடியாத ஒரு புதுப் புரதத்தைச் செய்துதர, அதை வைத்துக் கிருமி தன் சுவரைக் கட்டிக்கொள்கிறது. 2002-இல் மிச்சிகனில் ஒரு நோயாளியின் உடலில் ஆரியஸ், என்டரோகாக்கஸ் என்ற வேறொரு கிருமியிடமிருந்து வேன்-ஏ மரபணுவை வாங்கிக்கொண்டு வான்கோமைசினையும் வென்றது.

4. யார் யாருக்குப் பரப்பினார் என்று வாய்க்கு வந்தபடி சொல்லாதே. கேம்பிரிட்ஜின் ரோஸி மருத்துவமனையில், பச்சிளங்குழந்தைப் பிரிவில் எம்.ஆர்.எஸ்.ஏ. பரவியது. பிரிவைக் கழுவித் துடைத்தார்கள். கடைசியாகத் தொற்றிய குழந்தை பிரிவை விட்டுப் போய் 64 நாள் கழித்து மறுபடி ஒரு குழந்தையிடம் அதே கிருமி. முழு மரபணு வரிசையைப் படித்துத்தான் பழைய தொடரோடு சேர்த்தார்கள். 154 பணியாளர்களைச் சோதித்ததில் ஒருவரிடம் அது குடியிருந்தது. அவருக்கே தெரியாமல் சுமந்திருக்கக்கூடிய ஒன்று அது. பாவம், அவரைக் குற்றவாளியாக்க என்ன இருக்கிறது? சிகிச்சை கொடுத்தால் போதும். உன் கையில் அப்படி ஒரு பெயர் வந்தால், தொற்றுத் தடுப்புக் குழுவைத் தவிர வேறு யார் காதிலும் விழவிடாதே. கேன்டீனில் கசிந்த ஒரு பெயரால் ஒரு நர்ஸ் அழுதுகொண்டே வேலையை விட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

5. விடை முன்பே தெரிந்த கன்ட்ரோல் கிருமி சரியாக வராத நாளில் ஒரு முடிவையும் அனுப்பாதே, யார் திட்டினாலும்.

6. ரிப்போர்ட்டை அனுப்பியதோடு வேலை முடிந்ததென்று கோட்டைக் கழற்றாதே. ரத்தத்தில் எம்.ஆர்.எஸ்.ஏ. என்றால், நள்ளிரவானாலும் டாக்டரை நீயே கூப்பிட்டுச் சொல், கண்ணு. காகிதம் காலையில்தான் அவர் மேசைக்குப் போகும்.