மதனப்பள்ளியும் சேத்துப்பட்டும்

மதனப்பள்ளி என்றால் தக்காளிச் சந்தை நினைவுக்கு வரும். இலக்கிய அன்பர்களுக்கு, 1919இல் தாகூர் அங்குத் தங்கி 'ஜன கண மன' பாடலை ஆங்கிலத்தில் பெயர்த்தது நினைவுக்கு வரும். அவ்வூரை அடுத்த ஆரோக்கியவரத்தை அறிந்தோர் நம்மில் சிலரே. 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்த இப்பகுதியில்தான், தென்னிந்தியக் காசநோய் ஆராய்ச்சியின் முதல் அத்தியாயம் எழுதப்பட்டது.

பல கிறித்தவ மிஷன்கள் ஒன்றுகூடிப் பொருளுதவி செய்து நடத்தியமையால் அதற்கு 'யூனியன் மிஷன்' காசநோய் நிலையம் என்று பெயர். டென்மார்க்கைச் சேர்ந்த டாக்டர் கிறிஸ்தியன் பிரிமோத்-மொல்லர் அதன் முதல் தலைவர். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 700 மீட்டர் உயரம், உலர்ந்த காற்று. நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு இம்மூன்றையன்றி அக்காலத்தில் இந்நோய்க்கு வேறு மருந்து ஏது? நோயாளி குடும்பத்தைப் பிரிந்து மாதக்கணக்கில் அங்கேயே கிடக்க வேண்டும். படுக்கைகளோ சில நூறு, நோயாளிகளோ இலட்சக்கணக்கில்!

இக்கணக்கு ஒத்துவராது என்பதை நிலையத்தாரே உணர்ந்தனர் போலும். 1948இல் இந்தியாவில் பி.சி.ஜி. தடுப்பூசிப் பணி தொடங்கியபோது மதனப்பள்ளி அதன் முதல் களங்களுள் ஒன்றாயிற்று. ஊசிமருந்து நம் சென்னைக் கிண்டியில் தயாராயிற்று. கிறிஸ்தியனின் மகன் டாக்டர் ஜோஹன்னஸ் பிரிமோத்-மொல்லர், நோயாளி வருவாரென்று காத்திராமல், சுற்றியுள்ள சிற்றூர்களுக்கே சென்று, மக்களை ஆண்டாண்டாகத் தொடர்ந்து சோதித்தார். காசம் நகரத்து நெரிசலின் நோய் என்ற எண்ணம் பரவியிருந்த காலம் அது. கிராமத்திலும் அது வேரூன்றியிருந்ததை இத்தகைய ஆய்வுகளே வெளிப்படுத்தின.

1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் பிறந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் அதில் கைகோத்தன. அதற்குள் ஐசோனியாசிட், பாஸ் முதலிய மருந்துகள் வந்துவிட்டன. நிலையத்தார் எழுப்பிய கேள்வி எளியது: மருந்து உண்டெனில், மருத்துவமனைப் படுக்கை தேவைதானா? நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மருத்துவ விடுதியில் வைத்தனர். மற்றவரைச் சென்னையின் நெருக்கமான வீடுகளிலேயே இருக்க விட்டனர். வீட்டிலிருந்தோர் உண்டதோ குறைந்த உணவு; ஓய்வும் குறைவு. எனினும் 1959இல் வெளியான முடிவின்படி, இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒத்த அளவிலேயே குணமடைந்தனர். உடனிருந்த குடும்பத்தாருக்கும் நோய் கூடுதலாகப் பரவவில்லை. மருந்து தொடங்கியதும் தொற்று விரைவில் தணிந்துவிடுகிறது, பரவ வேண்டியது பெரும்பாலும் அதற்கு முன்பே பரவியிருக்கும். ஏழை நாடுகளின் சுகாதாரக் கொள்கையையே திருப்பிவிட்ட முடிவு இது. 1962இல் எழுந்த தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையையே அடிப்படையாகக் கொண்டது.

தடுப்பூசியின் கதை அத்தனை நேரானதன்று. 1955இல் இராஜாஜி பி.சி.ஜி. இயக்கத்தை வன்மையாக எதிர்த்து எழுதினார். அவர் வாதங்கள் பலவற்றை நான் ஏற்பதற்கில்லை; ஆயினும், ஊரெங்கும் ஊசி போடுமுன் பயனை மெய்ப்பிக்க வேண்டாமா என்ற கேள்வியை அசட்டை செய்வது தகாது. மதனப்பள்ளி ஆய்வு ஓரளவு பாதுகாப்பு உண்டு என்றது. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல அது தேய்ந்தது. 1968இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடம் மாபெரும் சோதனை தொடங்கியது. 1979இல் முடிவு வெளிவந்தபோது உலகமே திகைத்தது: பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அவ்வூசி தடுக்கவில்லை! குழந்தைகளைத் தாக்கும் மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காச வகைகளுக்கு எதிராகப் பயன்படுவதால், பிறந்த குழந்தைக்கு இன்றும் அதனைப் போடுகிறார்கள்.

மதனப்பள்ளியில் சிறிதேனும் பலித்தது செங்கற்பட்டில் ஏன் பலிக்கவில்லை? மண்ணிலும் நீரிலும் வாழும், காசக் கிருமிக்கு உறவான வேறு கிருமிகள் மக்கள் உடலில் முன்பே ஒருவகை எதிர்ப்பை ஊட்டியிருக்கலாம். அதனால் ஊசியின் பயன் மறைந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். வேறு விளக்கங்களும் உண்டு. வழக்கு இன்னும் தீரவில்லை.