ஒரே நிறச் சீட்டுக்கட்டு: ஒரு கணித விளையாட்டு

இளங்கலைக் கணிதம், மூன்றாம் ஆண்டு

முன்னுரை

சீட்டாட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பது இயல்பே. பணம் வைத்து ஆடிய ஆட்டம் குடும்பங்களைக் கெடுத்த கதைகள் நம் ஊர்களில் ஏராளம். திருவள்ளுவர் 'சூது' எனத் தனியாக ஓர் அதிகாரமே வகுத்து அதன் கேட்டை விளக்கியிருக்கிறார். ஆயினும் சீட்டு வேறு, சூது வேறு. பணயம் இல்லாத சீட்டு அறிவுக்குப் பயிற்சி. பணயம் வைத்தால் சதுரங்கமும் சூதாகும். இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு, இன்று மாணவரிடையே பரவிவரும் ஒரு புதுவகைச் சீட்டாட்டத்தைப் பற்றியும், அதில் ஒரே நிறத்தில் ஒரு கட்டை அமைக்கும் முறை பற்றியும் இக்கட்டுரையில் காண்போம்.

நிறமும் விளையாட்டும்

நிறத்தை அடிப்படையாகக் கொண்ட விளையாட்டுகள் நமக்குப் புதியவை அல்ல. நம் உதகைக்கே இதில் ஒரு பெருமை உண்டு. 1875இல் ஜபல்பூரில் படை அதிகாரி நெவில் சேம்பர்லின் தொடங்கிவைத்த ஸ்னூக்கர் ஆட்டத்திற்கு 1882இல் உதகை கிளப்பில்தான் விதிகள் எழுதி மாட்டப்பட்டன என்பது வரலாறு. சிவப்புப் பந்துக்கு 1, கறுப்புப் பந்துக்கு 7 என நிறத்திற்கு ஏற்ப மதிப்பு மாறுவது அந்த ஆட்டத்தின் உயிர்.

மலையிறங்கினால் வரும் மைசூரில் கஞ்சிபா என்னும் வட்டச் சீட்டுகள் புகழ்பெற்றவை. தசாவதாரக் கஞ்சிபாவில் 10 இனங்கள், இனத்திற்கு 12 சீட்டுகள், ஆக 120 சீட்டுகள். ஒவ்வோர் இனத்தையும் அதன் பின்னணி வண்ணத்தைக் கொண்டே அடையாளம் காண்பர். மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் பல புதிய கஞ்சிபா ஆட்டங்களை வகுத்த கலையார்வலர்.

மேற்சொன்ன ஆட்டங்களில் எல்லாருக்கும் பொதுவாக ஒரே கட்டு அல்லது ஒரே மேசைதான். ஆடுபவர் ஒவ்வொருவரும் தமக்கெனத் தனிக் கட்டை அமைத்துக்கொண்டு வந்தால் என்ன? இந்த எண்ணமே 1993இல் ஒரு புதிய ஆட்டமாக மலர்ந்தது.

ஆட்டத்தின் தோற்றம்

அமெரிக்காவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் சேர்வியல் கணிதத்தில் ஆராய்ச்சி செய்தவர் ரிச்சர்ட் கார்ஃபீல்டு. அவர் உருவாக்கிய 'மேஜிக்: தி கேதரிங்' என்ற ஆட்டத்தை 'விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' நிறுவனம் 1993 ஆகஸ்டில் வெளியிட்டது. சேகரித்தும் பரிமாறியும் ஆடும் சீட்டாட்டங்களுக்கு இதுவே முன்னோடி. கணித மாணவனின் கையிலிருந்து பிறந்த ஆட்டம் என்பதே நம் துறையினரைக் கவரப் போதுமானது.

ஆட்டத்தின் அடிப்படை எளிது. ஒவ்வொருவருக்கும் 20 உயிர்ப் புள்ளிகள். எதிராளியின் புள்ளிகளை 0 ஆக்கியவர் வென்றவர். கட்டில் குறைந்தது 60 சீட்டுகள் இருக்கவேண்டும். அடிப்படை நிலச்சீட்டுகள் நீங்கலாக, ஒரே பெயருள்ள சீட்டு 4க்கு மேல் கூடாது. தொடக்கத்தில் கையில் 7 சீட்டுகள். பின்னர் முறைக்கு ஒன்று எடுக்கவேண்டும். முதலில் ஆடுபவருக்கு மட்டும் முதல் முறையில் எடுக்கும் உரிமை இல்லை.

சீட்டுகள் இருவகை எனலாம். நிலச்சீட்டு ஆற்றலைத் தரும்; மற்றச் சீட்டுகளை இறக்க அந்த ஆற்றலே விலை. ஒரு முறையில் ஒரு நிலத்தைத்தான் இறக்கலாம். சமவெளி வெள்ளை ஆற்றலையும், தீவு நீல ஆற்றலையும், சதுப்புநிலம் கறுப்பு ஆற்றலையும், மலை சிவப்பு ஆற்றலையும், காடு பச்சை ஆற்றலையும் தரும். ஐந்து நிறங்களுக்கும் ஐந்து குணங்கள்: வெள்ளைக்கு ஒழுங்கு, நீலத்திற்கு அறிவு, கறுப்புக்குத் தன்னல வேட்கை, சிவப்புக்கு ஆவேசம், பச்சைக்கு வளர்ச்சி.

ஒரே நிறம் ஏன்?

புதிதாக ஆடவருபவர் எல்லா நிறத்திலும் நல்ல சீட்டுகளைக் கண்டு மயங்கி, அனைத்தையும் ஒரே கட்டில் அடைத்துவிட விரும்புவர். இது கல்யாண வீட்டில் இலை கொள்ளாமல் பரிமாறுவது போன்றது, உண்ணத்தான் முடியாது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

60 சீட்டில் 22 நிலங்கள் வைத்திருப்பதாகக் கொள்வோம். பச்சையும் சிவப்பும் கலந்த கட்டில் 11 காடு, 11 மலை. முதற்கையில் 3 நிலங்கள் விழுந்துள்ளன. அம்மூன்றும் ஒரே வகையாக அமையும் வாய்ப்பு என்ன? 22இல் 3ஐத் தெரிவு செய்யும் வழிகள் 1540. மூன்றும் காடாக அமையும் வழிகள் 165. மூன்றும் மலையாக அமையும் வழிகள் 165. கூட்டினால் 330. 330ஐ 1540ஆல் வகுத்தால் 14இல் 3 பங்கு. அதாவது 14 முறைக்கு 3 முறை மற்ற நிறத்துச் சீட்டுகள் கையில் இருந்தும் பயனற்றுக் கிடக்கும்.

இன்னொன்று. சில சீட்டுகளுக்கு மொத்தம் 3 ஆற்றலில் 2 பச்சையாக இருந்தே ஆகவேண்டும். கலப்புக் கட்டில் விழுந்த 3 நிலங்களில் 2 அல்லது 3 காடாக இருக்கும் வாய்ப்பு, இரு நிறமும் சமமாக இருப்பதால், சரியாகப் பாதி. ஒரே நிறக் கட்டிலோ அது முழு உறுதி. பாதிக்கும் முழுமைக்கும் உள்ள இந்த இடைவெளியே ஒரே நிறக் கட்டின் வலிமை.

கட்டை அமைக்கும் முறை

நீலகிரி மாணவர்களாகிய நமக்குச் சோலையும் புல்வெளியும் பழகியவை. ஆகவே பச்சையையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதல் விதி: கட்டில் 60க்கு மேல் ஒரு சீட்டும் வேண்டாம். ஒரு சீட்டின் 4 படிகள் 60இல் இருந்தால், முதற்கையில் ஒன்றாவது வரும் வாய்ப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு. அதே 4 படிகள் 80 சீட்டுக் கட்டில் இருந்தால் அது 31 விழுக்காடாகக் குறைகிறது. கட்டு பெருத்தால் நல்ல சீட்டுகள் கூட்டத்தில் தொலைந்துவிடும்.

இரண்டாம் விதி: நல்ல சீட்டு எனத் தேர்ந்தால் 4 படிகளும் வையுங்கள். ஒரே ஒரு படி வைத்தால் அது முதற்கையில் வரும் வாய்ப்பு 12 விழுக்காட்டிற்கும் குறைவு.

மூன்றாம் விதி: நிலங்களை அளந்து வையுங்கள். 22 நிலங்கள் இருந்தால் முதற்கையில் 2 முதல் 4 நிலங்கள் வரும் வாய்ப்பு சுமார் 75 விழுக்காடு. ஒரு நிலமும் வராத வாய்ப்பு 3 விழுக்காட்டுக்குச் சற்றே கூடுதல். அத்தகைய கை வந்தால் மீண்டும் கலைத்து எடுக்க விதி இடம் தருகிறது. ஆனால் கையில் ஒரு சீட்டைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

நான்காம் விதி: விலைப் படிக்கட்டு. விலை குறைந்த சீட்டுகள் மிகுதியாகவும், விலை கூடியவை சிலவாகவும் இருக்கவேண்டும். இக்கொள்கையை உலகறியச் செய்தது 1996இல் அட்லாண்டா நகரத் தகுதிப் போட்டி. அங்கே ஜே ஷ்னைடர் வடிவமைத்த ஒரு சிவப்புக் கட்டைக் கொண்டு பால் ஸ்லை என்பவர் இரண்டாமிடம் பெற்றார். பிறர் ஏளனமாக ஒதுக்கிய சாதாரணச் சீட்டுகளே அதில் மிகுதி. ஆயினும் ஒவ்வொரு முறையும் கையிலுள்ள ஆற்றல் முழுவதும் பயன்படும்படி அது அடுக்கப்பட்டிருந்தது. விலையுயர்ந்த சீட்டு வெல்லவில்லை. வீணாகாத ஆற்றல் வென்றது.

இந்நான்கு விதிகளின்படி நம் பச்சைக் கட்டு இவ்வாறு அமையலாம்:

காடு: 22
1 ஆற்றல் விலையுள்ள உயிரிகள்: 8
2 ஆற்றல் விலையுள்ளவை: 8
3 ஆற்றல் விலையுள்ளவை: 8
4 ஆற்றல் விலையுள்ளவை: 6
5 ஆற்றலும் மேலும்: 4
ஜயன்ட் குரோத் மந்திரம்: 4
மொத்தம்: 60

முதல் வரிசை எட்டில் லனோவர் எல்வ்ஸ் 4, எல்விஷ் மிஸ்டிக் 4. பெயர் வேறானாலும் வேலை ஒன்றே; இரண்டும் தாமே ஒரு பச்சை ஆற்றலைத் தருபவை. இந்த எட்டில் ஒன்றாவது முதற்கையில் வரும் வாய்ப்பு 65 விழுக்காடு. மூன்றாம் வரிசையில் எல்விஷ் ஆர்ச்ட்ரூயிட் என்னும் தலைவன். தன் இனத்தார் மற்ற எல்லாருக்கும் வலிமை கூட்டுபவன். களத்தில் எத்தனை எல்ஃப் உண்டோ அத்தனை பச்சை ஆற்றலையும் தருபவன்.

நடப்பதைப் பாருங்கள். முதல் முறை ஒரு காடு, ஒரு லனோவர். இரண்டாம் முறை இன்னொரு காடு, 2 நிலமும் லனோவரும் சேர்ந்து 3 ஆற்றல், தலைவன் இறங்குகிறான். மூன்றாம் முறை 3 நிலங்களில் 3, லனோவரால் 1, தலைவனால் 2, ஆக 6 ஆற்றல். கலப்புக் கட்டுக்காரர் தம் மூன்றாவது நிலம் எந்த நிறமோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருக்கும் வேளையில் நாம் ஆறாம் படியில் நிற்கிறோம். இந்த மகிழ்ச்சிக்காகவே இக்கட்டை ஆடலாம்.

ஒரு நிறத்தின் குறை

ஒரே நிறக் கட்டில் குறையே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. ஒவ்வொரு நிறத்திற்கும் இயலாத செயல்கள் உண்டு. களத்தில் நிலைத்துவிட்ட மந்திரத்தை அகற்றச் சிவப்பு திணறும். பறந்து வரும் உயிரிகளைத் தடுக்கப் பச்சை திணறும். எல்லாவற்றிற்கும் மேலாக, வெள்ளையின் 'ராத் ஆஃப் காட்' போன்ற ஒரே சீட்டு களத்திலுள்ள உயிரிகள் அனைத்தையும் அழித்துவிடும். உயிரிகளையே நம்பிய பச்சைக்காரர் வெறுங்கையராவார்.

இந்த அபாயத்தை நம் மலைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1869இல் இலங்கையில் தோன்றிய இலைத்துரு நோய் அத்தீவின் காப்பித் தோட்டங்களையே அழித்தது. 1990களின் இறுதியில் பசுந்தேயிலையின் விலை சரிந்தபோது, அந்த ஒரு பயிரையே நம்பியிருந்த நீலகிரிச் சிறு விவசாயிகள் பட்ட துன்பத்தை நம்மில் பலர் வீட்டிலேயே கேட்டிருப்போம். ஒன்றையே நம்புவது வேகம் தரும். அடி விழுந்தால் மொத்தமாக விழும்.

பரிகாரம் என்ன? ஒன்று, கையிலுள்ள எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இறக்காமல் இரண்டொரு உயிரிகளைக் கையிலேயே வைத்திருப்பது. இரண்டு, நிறத்திற்குள்ளேயே மருந்து தேடுவது: பறப்பவற்றைத் தடுக்கும் ஜயன்ட் ஸ்பைடரும், நிலைத்த மந்திரங்களை அகற்றும் நேச்சுரலைஸும் பச்சையிலேயே உள்ளன. மூன்று, எந்த நிறத்தவரும் இறக்கக்கூடிய நிறமற்ற கருவிச் சீட்டுகளைச் சேர்ப்பது. போட்டிகளில் 15 சீட்டு கொண்ட துணைக்கட்டு வைத்துக்கொள்ளவும் இடமுண்டு.

பணமும் பணயமும்

இனி, முன்னுரையில் தொட்ட செய்திக்கு வருவோம். 1993இல் இந்த ஆட்டம் வெளிவந்தபோது, ஆடுவோர் ஆளுக்கு ஒரு சீட்டைப் பணயமாக வைத்து, வென்றவர் எடுத்துக்கொள்ளும் விதியும் இருந்தது. அது சூதின் சாயல் உடையது. பின்னர் அவ்வழக்கம் கைவிடப்பட்டது நன்று.

ஆனால் வேறொரு வாசல் திறந்தே இருக்கிறது. சீட்டுகள் மூடிய உறைகளில் விற்கப்படுகின்றன; உள்ளே என்ன உள்ளது என்பது பிரித்த பின்னரே தெரியும். அரிய சீட்டு கிடைக்கும் என்ற ஆசையில் உறைமேல் உறையாக வாங்குவதற்கும், தமிழ்நாட்டில் 2003இல் தடை செய்யப்பட்ட பரிசுச் சீட்டை வாங்குவதற்கும் மனநிலையில் அதிக வேற்றுமை இல்லை. விடுதிச் செலவுக்கு வீட்டார் அனுப்பும் பணமும், தோட்டத்தில் கொழுந்து பறித்த கூலியும் இவ்வழியில் கரைவது கூடாது.

ஒரே நிறக் கட்டு இங்கேயும் நமக்கு உதவுகிறது. அதற்கு வேண்டிய நிலங்கள் அடிப்படை நிலங்களே. இரு நிற ஆற்றல் தரும் விலையுயர்ந்த நிலங்கள் தேவையில்லை. வேண்டிய சீட்டுகளைப் பட்டியலிட்டுத் தனித்தனியே வாங்கலாம், நண்பர்களுடன் பரிமாறிக்கொள்ளலாம். சாதாரண வகைச் சீட்டுகளை மட்டும் கொண்டு ஆடும் 'பாப்பர்' என்ற முறை 2019இல் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்டது. பெயருக்கேற்ப அது எளியவர்களின் ஆட்டம். நண்பர்களுக்குள் பழகுவதற்கு வெள்ளைத்தாளை வெட்டிப் பெயரும் விலையும் எழுதிக்கொண்டாலே போதும். முறையான போட்டிகளில் மட்டும் அச்சிட்ட சீட்டு வேண்டும்.

முடிவுரை

நிகழ்தகவுப் பாடத்தைக் கரும்பலகையில் கற்கும்போது, பையிலிருந்து சிவப்புப் பந்தும் பச்சைப் பந்தும் எடுக்கும் கணக்கு சிலருக்குச் சலிப்பூட்டலாம். அதே கணக்கு சீட்டாகக் கையில் வந்தால், 3 பங்கா 14இல் என்பது வெற்றி தோல்வியாக உருவெடுக்கிறது. உள்ளதைக் கொண்டு ஒழுங்காக அடுக்குதல், வீணாக்காதிருத்தல், தன் குறையை அறிந்து முன்னேற்பாடு செய்தல் ஆகியவற்றை இந்த அறுபது சீட்டுகள் கற்றுத்தருகின்றன.

மழை விடாது பெய்யும் மாலைகளில் நான்கு நண்பர்கள் கூடினால், வெள்ளைத்தாளும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு நிறம் தேர்ந்து கட்டை அமையுங்கள். பணயம் மட்டும் வேண்டாம். தோற்றவர் தேநீர் போடட்டும், அது போதும்.