மூக்கில் ரேடார் இருந்தால் போதுமா?

விமானத்தின் மூக்கிலேயே ரேடார் இருக்கிறது. எதிரே இடிமேகம் வந்தால் விமானி பார்த்து ஒதுங்கிவிடுவார். பிறகு தரையில் இருப்பவர்கள் அடுத்த சில மணி நேரத்து மேகங்களைக் கணிக்க ஏன் இவ்வளவு பாடுபட வேண்டும்? பரவலாக உள்ள நம்பிக்கை இது. வெயில் கொளுத்தும் விமான நிலையத்தில் ‘வானிலையால் தாமதம்’ என்ற அறிவிப்பைக் கேட்டதும் எழும் கோபமும் இதிலிருந்துதான் பிறக்கிறது. விமானியால் ஒதுங்க முடியும் என்பது சரி. ஆனால் எந்தப் பக்கம் ஒதுங்குவது, பின்னால் வருகிறவர்களுக்கும் இடம் மிஞ்சுமா என்ற கேள்விகளுக்கு அந்த ரேடாரிடம் பதில் கிடையாது.

1977 ஏப்ரல் 4 அன்று அமெரிக்காவின் ஹன்ட்ஸ்வில்லிலிருந்து அட்லாண்டாவுக்குப் புறப்பட்ட சதர்ன் ஏர்வேஸ் 242-ஐப் பாருங்கள். விமான ரேடாரின் அலைநீளம் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர். கனமழைக்குள் அந்த அலை சீக்கிரமே வலுவிழந்துவிடும். மழைக்குப் பின்னால் அதைவிட மோசமான மேகம் நின்றாலும் திரையில் அந்த இடம் வெறுமையாகத் தெரியலாம். அன்று திரையை நம்பிச் சென்ற வழியில் பெருமழையும் ஆலங்கட்டியும் இரண்டு எஞ்சின்களையும் செயலிழக்க வைத்தன. ஜார்ஜியாவின் நியூ ஹோப்பில் நெடுஞ்சாலையில் இறங்க முயன்ற விமானம் நொறுங்கியது. 70 பேருக்கு மேல் இறந்தார்கள். விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், தலைமை விமானி தன் ரேடாரை நம்பி இடிமேகப் பகுதிக்குள் சென்றதைச் சுட்டிக்காட்டியது. அதோடு நிற்கவில்லை. ஆபத்தான வானிலை பற்றிய புதிய தகவல் உரிய நேரத்தில் விமானிகளை எட்டாத ஏற்பாட்டையும் காரணங்களில் சேர்த்தது. அடுத்த ஆண்டே வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையங்களில் வானிலையாளர்களுக்கும் இருக்கை போடப்பட்டது.

இப்போதுதான் தரை ரேடார்களின் படம் உடனுக்குடன் கிடைக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். ஒரு விமானத்துக்கு ஒருவேளை போதும், நூற்றுக்கணக்கானவற்றுக்குப் போதாது. கடுமையான இடிமேகத்திலிருந்து குறைந்தது 20 கடல் மைல், அதாவது சுமார் 37 கிலோமீட்டர், விலகிச் செல்லுமாறு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விமானிகளுக்கு அறிவுறுத்துகிறது. கோடை மாலையில் ஒஹாயோ, பென்சில்வேனியா மேலே இடிமேகங்கள் வரிசை கட்டி நின்றால், சிகாகோவுக்கும் நியூயார்க்குக்கும் இடையிலான பல வழிகள் ஒரே நேரத்தில் அடைபட்டுவிடும். மிச்சமிருக்கும் வழிகளில் எல்லோரையும் திருப்பினால், அந்த வான்பகுதியைப் பார்த்துக்கொள்ளும் கட்டுப்பாட்டாளர் பாதுகாப்பாகக் கையாளக்கூடிய எண்ணிக்கை மீறிப் போகும். பறந்துகொண்டிருக்கும் விமானத்தை நடுவழியில் நிறுத்தி வைக்க முடியாது. சுற்றிச் சுற்றிப் பறந்தால் எரிபொருள் கரையும். ஆகவே எத்தனை விமானங்களை விடலாம் என்பதை அவை கிளம்பும் முன்பே முடிவு செய்தாக வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூயார்க் செல்ல ஏறக்குறைய ஐந்து மணி நேரம். கிளம்பும் ஊரில் வெயிலா மழையா என்பதற்கு இங்கே பொருளே இல்லை. ஐந்து மணி நேரம் கழித்து நியூயார்க் வானில் என்ன இருக்கும் என்பதே கணக்கு.

‘மேகத்துக்கு மேலே பறந்துவிட்டால் போயிற்று’ என்பதும் அரைகுறை உண்மைதான். ஜெட் விமானங்கள் பெரும்பாலும் 40,000 அடிக்குள் பறக்கின்றன. வலுத்த இடிமேகத்தின் உச்சி 50,000 அடியையும் தாண்டும். ஆனால் உச்சி தாழ்ந்திருந்தால் கீழே கனமழை கொட்டினாலும் பலர் மேலேயே கடந்துவிடுகிறார்கள். எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்தினர் விமானங்கள் உண்மையில் சென்ற பாதைகளை வானிலைப் படங்களோடு ஒப்பிட்டார்கள். விமானி விலகுவாரா என்பதைத் தீர்மானிப்பதில் மழையின் கடுமையைவிட, பறக்கும் உயரத்துக்கும் மேக உச்சிக்கும் உள்ள வித்தியாசமே முக்கியம் என்று தெரிந்தது. அதனால் எங்கே மழை பெய்யும் என்று சொல்லும் முன்னறிவிப்பு கட்டுப்பாட்டாளருக்குப் பாதி உதவிதான். எந்த உயரம் வரை வழி அடைபடும் என்றும் அது சொல்ல வேண்டும்.

கணிப்பு தவறினால், காரணமே இல்லாமல் விமானங்களைத் தரையில் பிடித்து வைத்ததாக ஆகாதா? ஆகும், அப்படி நடக்கவும் செய்கிறது. இந்த ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது. தனி இடிமேகம் ஒன்றின் ஆயுள் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். அது போகும் திசையை நீட்டிப் பார்க்கும் முறை, நீண்ட மேக வரிசைகளுக்கு இரண்டு மணி நேரம் வரை கைகொடுக்கலாம். சிதறிக் கிளம்பும் மேகங்களுக்கு அதற்குள்ளேயே தடுமாறிவிடும். அதற்குப் பிறகு கணினி மாதிரிகளைத்தான் நம்ப வேண்டும். 2014 முதல் அமெரிக்காவில் 3 கிலோமீட்டர் கட்டங்களில் மணிக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும் மாதிரி இயங்குகிறது. அதுவும் மேக வரிசையை 50 கிலோமீட்டர் தள்ளிக் காட்டிவிட்டால், மழைக்குக் காத்திருக்கும் விவசாயிக்கு அது நல்ல கணிப்பாகவே தோன்றும். கட்டுப்பாட்டாளருக்கோ திறந்த வழி மூடியதாகவும் மூடிய வழி திறந்ததாகவும் மாறிவிடும். ஆனால் முன்னறிவிப்பைக் கைவிட்டால் இந்தச் சிக்கல் தீராது. விமானங்களெல்லாம் மேகத்தின் வாசலில் குவிந்த பிறகே முடிவெடுக்க நேரிடும். எந்த வழி எத்தனை சதவீதம் திறந்திருக்கக்கூடும் என்று ஐயத்தையும் சேர்த்துச் சொன்னால், ஒரு பங்கு விமானங்களை மட்டும் தாமதப்படுத்தி, வானம் தெளிந்ததும் விட்டுவிடலாம். இரண்டு மணியிலிருந்து ஆறு மணி நேரம் வரையிலான அந்தக் கடினமான இடைவெளியில் ஆய்வாளர்கள் இன்று தேடுவதும் இப்படிப்பட்ட கணிப்பைத்தான்.