ரைன் கரையில் ஒரு தமிழ்ச் சமையலறை

விமானத்தில் வந்து இறங்கிய முருங்கைக்காயை நான் வாங்குவதில்லை. ஜெர்மனியின் பான் நகரத்துக்குக் குடிவந்த பிறகு எடுத்த முடிவு இது. ஈழத்தமிழர் கடைகளில் பச்சைப்பசேலென்று அடுக்கியிருப்பதைப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்கிறது. ஆனால் சீக்கிரம் வாடும் காயை விமானத்தில்தான் கொண்டுவர முடியும். அதே தூரத்தைக் கப்பலில் கடக்கும் ஒரு கிலோ அரிசியைவிட அதற்காக வெளியாகும் கரியமில வாயு பல மடங்கு அதிகம். ஆகவே புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: பொன்னி அரிசி, துவரம்பருப்பு, புளி, வற்றல் மிளகாய் எல்லாம் தாராளமாக வாங்குங்கள், மனம் கூச வேண்டாம். பச்சைக் காய்கறியை மட்டும் இருக்கிற ஊரிலேயே தேடுங்கள்.

தேடினால் கிடைக்கிறது. கோடையில் நூல்கோல் இலையும் தழையுமாகச் சந்தைக்கு வரும். காயைக் கூட்டுக்கு வைத்துக்கொண்டு இலையைப் பொரியல் செய்துவிடலாம். இலையுதிர் காலத்தில் ஹொக்கைடோ பூசணி. தோல் சீவ வேண்டியதில்லை, சாம்பாரில் அருமையாகக் குழையும். குளிர்காலம் முழுக்க முட்டைக்கோஸும் பீட்ரூட்டும்தான். பிப்ரவரியில் இங்கே தக்காளி விளைய வேண்டுமென்றால் கண்ணாடிக் கூடத்தைச் சூடேற்றியாக வேண்டும். அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் புளி ரசம், மிளகு ரசம்.

வசந்தத்தில் காட்டோரங்களில் பேர்லவுஹ் என்னும் காட்டுப்பூண்டு இலை துளிர்க்கும். தேங்காய், வற்றல் மிளகாய், கொஞ்சம் புளி வைத்து அரைத்தால் துவையலுக்கு அதைவிட நல்ல கீரை எனக்குத் தெரிந்து இங்கே இல்லை. ஆனால் அதே இடங்களில் அதே தோற்றத்தில் நச்சுச் செடிகளும் முளைக்கும். ஓர் இலையைக் கசக்கிய கையில் பூண்டு வாசம் ஒட்டிக்கொள்வதால் அடுத்த இலையை முகர்ந்து பார்த்து நம்பிவிட முடியாது. பழகும்வரை சந்தையில் கட்டாக வாங்குங்கள்.

ஐ.நா.வின் காலநிலை மாற்றச் செயலகம் 1996 முதல் இந்த ஊரில்தான் இருக்கிறது. ஆனாலும் காலநிலை மாற்றத்தை என் மனத்தில் பதிய வைத்தது ஆறுதான். 2018 அக்டோபரில் ரைன் வற்றி, கௌப் என்ற இடத்தின் அளவுமானி 25 சென்டிமீட்டருக்கு இறங்கியது. சரக்குப் படகுகள் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போக முடிந்தது. எரிபொருள் விலை ஏறியது. மூன்று வருடம் கழித்து, 2021 ஜூலை 14 இரவு, பானுக்குச் சற்று மேலே ரைனில் கலக்கும் ஆர் ஆறு பெருக்கெடுத்து, அந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் 130-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒரே வட்டாரத்தில் வறட்சியும் வெள்ளமும். அதற்குப் பிறகு 'நான் ஒருத்தி மாறி என்ன ஆகிவிடும்' என்று யாராவது கேட்டால் வாதம் செய்வதில்லை. அந்த இரண்டு வருடங்களையும் சொல்கிறேன்.

சமையலறையைப் போலவே புத்தகத்திலும் சிக்கனமாக இருக்கலாம்; அந்த விஷயத்தில் இந்த ஊர் எனக்கு ஆசான். போப்பெல்ஸ்டோர்ஃப் சாலையில் தெருவோரமாக ஒரு புத்தக அலமாரி நிற்கிறது. பூட்டு கிடையாது, பதிவேடு கிடையாது. வேண்டியதை எடுக்கலாம், படித்ததை வைக்கலாம். அதைப் பார்த்துத்தான் எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு புத்தகச் சுற்றுக்கு ஏற்பாடு செய்தோம். ஊருக்குப் போகிறவர் என்ன புத்தகம் வாங்குகிறார் என்று முன்கூட்டியே பேசிக்கொள்கிறோம். ஒரு நாவல் ஒரே பெட்டியில் வந்து பல வீடுகளில் படிக்கப்படுகிறது. அச்சில் கிடைக்காத பழைய நூல்களுக்கு மதுரைத் திட்டமும், ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளமும் இருக்கின்றன. இரண்டும் இலவசம்.

இத்தனைக்கும் பிறகு பெரிய கணக்கு ஒன்று மிச்சமிருக்கிறது. சென்னைக்குப் போய்த் திரும்பும் ஒரே விமானப் பயணத்தில் ஆளுக்கு ஒரு டன்னுக்கு மேல் கரியமில வாயு. சமையலறையில் வருடம் முழுக்க மிச்சம் பிடிப்பதை அது விழுங்கிவிடும். பெற்றோர் அங்கே இருக்கும்போது போகாதீர்கள் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். நாங்கள் செய்வது, குட்டிக் குட்டிப் பயணங்களை ஒன்றாகச் சேர்த்து, வீட்டிலிருந்து வேலை செய்ய அலுவலகத்தில் முன்பே அனுமதி வாங்கி, போனால் நீண்ட நாள் தங்குவது. விடுப்புக் கடிதத்தை ஜனவரியிலேயே கொடுத்துவிடுங்கள். கோடை விடுமுறைக்கு எல்லோரும் போட்டி போடுவார்கள்.