இயற்கைக் குறிப்பேடும் நீர்வண்ணமும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – தாவரவியல்)

முன்னுரை

தாவரவியல் பயிலும் நமக்கு ‘ரெக்கார்டு நோட்டு’ என்ற சொல் புதியதன்று. மேசைமேல் இருக்கும் செடியை விட்டுவிட்டு, சென்ற ஆண்டு மாணவரின் நோட்டைப் பார்த்துப் படம் வரையும் வழக்கமும் புதியதன்று. முதலாமாண்டில் நானும் அவ்வாறே வரைந்தேன். மதிப்பெண் கிடைத்தது, செடி மனத்தில் நிற்கவில்லை. அந்தக் குறை உறுத்தவே, சென்ற ஆண்டு ஐப்பசியில் எனக்கென ஓர் இயற்கைக் குறிப்பேடு தொடங்கினேன். அதில் கற்றவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குறிப்பேடு எதற்கு?

செடியை அழுத்தி உலர்த்தி அட்டையில் ஒட்டும் முறையை நாம் அறிவோம். அம்முறையில் இலையின் வடிவும் நரம்பும் பல்லாண்டுகள் நிலைக்கும். ஆனால் பூவின் நிறம் மங்கிவிடும். அது செடியில் எந்தப் பக்கம் சாய்ந்து நின்றது என்பதும் மறைந்துவிடும். இவ்விரண்டையும் காப்பது ஓவியம். பார்த்த நாள், இடம், நேரம், செடியின் உயரம், பூவில் வந்தமர்ந்த பூச்சி, ஊரார் வழங்கும் பெயர் ஆகியவற்றைப் படத்தின் அருகிலேயே எழுதி வைத்தால் அதுவே இயற்கைக் குறிப்பேடு.

நம் நாட்டு முன்னோடிகள்

இக்கலை மேல்நாட்டாருக்கே உரியது என்று எண்ண வேண்டா. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் ராபர்ட் வைட் 1819இல் சென்னை மாகாணத்திற்குப் பணியாற்ற வந்தார். 1842 முதல் கோயம்புத்தூரில் பருத்தி ஆய்வுக்குப் பொறுப்பேற்றிருந்தார். தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி அவர் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட ‘ஐகோனெஸ்’ என்னும் நூல் தொகுதியில் 2101 படங்கள் உள்ளன. அவற்றுள் பலவற்றை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் தென்னிந்திய ஓவியர்கள். படத்தின் அடியில் அவர்கள் பெயரும் அச்சிடப்பட்டது. ஓர் ஆர்க்கிட் பேரினத்திற்கு வைட் ‘கோவிந்தூயியா’ என்று பெயரிட்டார். இன்றைய வகைப்பாட்டில் அது டிரோபிடியா என்னும் பேரினத்துள் அடங்கிவிட்டது. எனினும் ஓர் ஓவியரின் பெயர் செடிக்குச் சூட்டப்பட்டது என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தியன்றோ! அவர்கள் தீட்டிய மூல ஓவியங்கள் எடின்பரோவிலுள்ள தாவரவியல் தோட்டத்தில் இன்றும் காக்கப்படுகின்றன.

வேண்டிய பொருள்கள்

செலவு அதிகமில்லை. தடித்த வரைதாள் நோட்டு ஒன்று, எச்.பி. பென்சில், ரப்பர், அடிக்கோல், கைலென்சு, மாணவர்க்கான வில்லை வண்ணப் பெட்டி, நுனி கூர்மையான தூரிகை இரண்டு, பழந்துணி, தண்ணீர்ப் புட்டி ஆகியவை போதும். மெல்லிய தாள் ஈரம் பட்டதும் சுருங்கும். ஆகையால் தாளில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது.

வரையும் முறை

1. முதலில் பத்து நிமிடம் பார்ப்பது மட்டுமே வேலை. இலைகள் எதிரெதிராக உள்ளனவா, மாறி மாறி உள்ளனவா? இதழ் எத்தனை? மகரந்தத்தாள் எத்தனை? எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும்.

2. அடிக்கோலால் அளந்து மெல்லிய கோட்டில் வரைய வேண்டும். பெரிதாக்கி வரைந்தால் எத்தனை மடங்கு என்று எழுத வேண்டும்.

3. நீர்வண்ணத்தில் வெளிர்நிறம் முதலில், அடர்நிறம் பின்னர். ஒளி விழும் இடத்தில் வண்ணம் பூசாது தாளின் வெண்மையை விட்டுவிட வேண்டும். முதல் பூச்சு உலரும் முன் அடுத்ததைத் தொட்டால் ஒன்றோடொன்று கலந்து பரவும். கூரிய விளிம்பு வேண்டுமெனில் உலரும்வரை பொறுத்திருப்பதே வழி.

4. பெட்டியிலுள்ள பச்சையை அப்படியே பூசினால் இலை பிளாஸ்டிக் போலத் தோன்றும். நீலமும் மஞ்சளும் கலந்து, துளி சிவப்பு சேர்த்தால் இலையின் உண்மைப் பச்சை கிட்டும். கலவையை ஓரத்தாளில் பூசிப் பார்த்து, செடியின் அருகே வைத்து ஒப்பிட வேண்டும்.

5. தூரிகையை வாயில் வைத்து நுனி கூராக்கும் பழக்கத்தை விட வேண்டும். நாம் தொடும் செடிகளுள் நச்சுச் செடிகளும் உண்டு.

செங்காந்தளும் என் பிழையும்

எங்கள் ஊரில் வாய்க்கால் ஓரத்து வேலியில் செங்காந்தள் படர்ந்திருந்தது. நம் மாநில மலராகிய இதனை ஊரில் கார்த்திகைப் பூ என்பர். கிழங்கு கலப்பை போல் இருப்பதால் கலப்பைக் கிழங்கு என்ற பெயரும் உண்டு. செடி முழுவதும் நஞ்சு, கிழங்கில் மிகுதி.

ஒரே பூவை நாள்தோறும் சென்று தீட்டினேன். மலர்ந்த புதிதில் பச்சை கலந்த மஞ்சள். பின்னர் நுனியில் சிவப்பு, அடியில் மஞ்சள். கடைசியில் முழுவதும் சிவப்பு. ஆறு இதழ்களும் மேல்நோக்கி வளைந்திருந்தன. சூல்தண்டோ அடியிலேயே மடிந்து ஒரு பக்கமாக நீண்டிருந்தது. ஒருநாள் மட்டும் பார்த்திருந்தால் இப்பூவின் நிறம் இன்னதென்று தவறாக எழுதியிருப்பேன்.

படத்தை முடித்த பெருமையில் வீட்டில் திறந்து வைத்திருந்தேன். என் தாயார் பள்ளிக்கூடம் சென்றதில்லை. களை எடுத்துவிட்டு வந்தவர், கை கழுவிக்கொண்டு அருகில் அமர்ந்து பார்த்தார்.

“பூ சரிதான்டா. இலை நுனி சுருண்டு கம்பைப் பிடிச்சிருக்குமே, அது எங்கே?” என்றார்.

மறுநாள் காலையில் வேலிக்கு ஓடினேன். அடியிலிருந்த இலைகள் சிலவற்றின் நுனி சுருளாமல் இருந்தது. மேலே இருந்த இலைகளின் நுனிகளோ பற்றுக்கம்பிகளாக நீண்டு முள்வேலியைப் பிடித்திருந்தன. நான் அடியிலை ஒன்றைப் பார்த்து வரைந்துவிட்டு மற்றவற்றை ஊகத்தால் நிரப்பியிருந்தேன்! கொடி ஏறுவதற்கு உதவும் உறுப்பையே விட்டுவிட்ட படம் அது. பிறர் நோட்டைப் பார்த்து வரைவதை விட்ட நான், இப்போது என் ஊகத்தைப் பார்த்து வரைந்திருந்தேன் என்பது விளங்கிற்று. வேறு தாளில் மீண்டும் வரைந்தேன்.

கைப்பேசி போதாதா?

நண்பர்கள் பலர் கேட்பது இது. கைப்பேசிப் படமும் பயனுடையதே, நானும் எடுக்கிறேன். ஆனால் எண்ணாமலே படம் எடுத்துவிடலாம். எண்ணாமல் வரைய முடியாது. புதிய இனத்தை அறிவிக்கும் ஆய்வுக் கட்டுரைகளில் இன்றும் கோட்டுப்படம் இடம்பெறுவதற்கு இதுவே காரணம். நிழலையும் பின்னணியையும் நீக்கி, வேண்டிய உறுப்பை மட்டும் விளக்கிக் காட்டக் கோட்டுப்படத்தால் இயலும்.

முடிவுரை

இந்தத் தை மாதத்தில் நில உரிமையாளர் பொக்லைன் வைத்து அந்த வேலியை அகற்றி, கல்தூண் நட்டுக் கம்பி கட்டிவிட்டார். நிலம் அவருடையது, குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. கிழங்குகளும் மண்ணோடு போயின. அந்த இடத்தில் செங்காந்தள் இருந்ததற்கு எழுத்துச் சான்று இன்று என் குறிப்பேட்டின் ஆறு பக்கங்களே. வரும் ஐப்பசியில் வாய்க்காலின் மறுகரையில் தேடிப் பார்க்க எண்ணியுள்ளேன்.

ரங்கையாவின் பெயர் படத்தின் அடியில் இருந்ததால்தான் நாம் இன்று அவரை அறிகிறோம். ஆகவே திருத்திய படத்தின் அடியில் நாளும் இடமும் எழுதி, ‘இலை பற்றிய திருத்தம்: அம்மா’ என்றும் எழுதினேன். எழுதியிருப்பது என்னவென்று அவர் கேட்டார். படித்துக் காட்டினேன். “இதையெல்லாமா எழுதுவாங்க?” என்று சிரித்தார்.

எழுத வேண்டும் நண்பர்களே! செடியின் பெயரையும், சொல்லித் தந்தவரின் பெயரையும் சேர்த்தே எழுத வேண்டும். நம் ஊரின் வேலியும் வரப்பும் இருக்கும்போதே அவற்றை வரைந்து வைப்போமாக!