தூய எரிபொருளும் அதன் பிறப்பிடமும்

சென்ற ஆண்டிலே, விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் வராத நாளில், பத்தாந் தர வகுப்பொன்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எம்மிடம் வந்தது. யாம் தமிழ் கற்பிப்போம். ஆயினும் மாணவர் மேசைமேல் விரிந்து கிடந்த விஞ்ஞான நூலைக் கண்டபின் வாளாவிருக்க மனம் ஒப்பவில்லை. ஐதரசன் என்னும் வாயு எரியும்போது நீர் மாத்திரமே உண்டாகின்றது, புகையில்லை, கரியில்லை, ஆதலின் நாளைய உலகின் தூய எரிபொருள் அஃதே எனப் பத்திரிகைகளிற் படித்தவற்றை வைத்துக்கொண்டு சற்று நீளமாகவே பேசினோம். பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அதை எந்த நாட்டிலே தோண்டி எடுக்கிறார்கள்?" என்று கேட்டான். "தோண்ட வேண்டியதில்லை, கடல் நிறைய நீர் இருக்கின்றதே, அதிலிருந்து எடுக்கலாம்" என்றோம். மாணவன் அமர்ந்துவிட்டான். எமக்குத்தான் அன்றிரவு அமைதியில்லை. ஐதரசன் எரிந்து நீராகும்போது சத்தி வெளிப்படுகின்றது என்றால், அந்நீரை மீண்டும் ஐதரசனாக்குதற்கு அச்சத்தி முழுவதையும் திருப்பிக் கொடுத்தல் வேண்டுமன்றோ? அதனைக் கொடுப்பது எது? இவ்வினாவை விட்டுவிட்டு, எரியும் இடத்துத் தூய்மையை மாத்திரம் பாராட்டிய எமது பேச்சுக் குறையுடையது. அக்குறையைத் தீர்க்கும்பொருட்டு யாம் படித்தறிந்தவற்றுட் சில இக்கட்டுரையில் இடம்பெறுகின்றன.

ஐதரசன் என்பது நீரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும், ஆக்குதலைக் குறிக்கும் சொல்லும் கூடியமைந்த பெயர். 1766 ஆம் ஆண்டில் இங்கிலாந்தினரான என்றி கவெண்டிசு, நாகம், இரும்பு முதலிய உலோகங்களை அமிலத்திலிட்டபோது எழும் வாயுவைத் தனியொரு பொருளாக ஆராய்ந்து வெளியிட்டார். அவர் அதனை எரியும் வாயு என்றே வழங்கினார். பிரான்சு நாட்டு இலவோசியர் 1783 இல் அது ஒட்சிசனுடன் கூடி நீராதலை ஆராய்ந்து காட்டிய பின்னரே 'நீரை ஆக்குவது' என்னும் இப்பெயர் அமைந்தது. மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றிய சாமுவேல் கிறீன் முன்னின்று வெளியிட்ட 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூல் 1875 இலேயே தமிழில் வந்துவிட்டது என்பதையும், எமது பாடத்துக்குரிய செய்தியாதலின், இடையிலே சொல்லிச் செல்கின்றோம்.

பேரண்டத்தில் மிக மலிந்த மூலகம் ஐதரசன் என்பர். அஃது உண்மையே. ஆனால், பூமியில் அது பெரும்பாலும் தனித்திருப்பதில்லை. நீரில் ஒட்சிசனோடும், நிலக்கரி, பெற்றோலியம், இயற்கை வாயு என்பவற்றிற் காபனோடும் பிணைந்தே கிடக்கின்றது. ஆபிரிக்காவில் மாலி நாட்டுச் சிற்றூர் ஒன்றிலே, நீருக்காக 1987 இல் துளைத்த கிணற்றிலிருந்து ஏறத்தாழத் தூய ஐதரசன் வெளிவந்ததுண்டு. மாணவனின் வினாவுக்கு அவ்வூரை விடையாகக் காட்டலாம்; எனினும் அத்தகைய இடங்களிலிருந்து உலகின் தேவைக்கு வேண்டிய அளவு இன்னும் எடுக்கப்படவில்லை. ஆகவே ஐதரசனை நாம் ஆக்கிக்கொள்ளுதல் வேண்டும். நிலக்கரியைப் போல அஃது இயற்கை தந்த சத்தி மூலமன்று. வேறொரு மூலத்திலிருந்து பெற்ற சத்தியைச் சுமந்து வரும் பாத்திரம் என்று கொள்வதே பொருந்தும். பாத்திரத்தின் தூய்மை ஒன்று. அதனுள் வார்த்ததன் தூய்மை வேறொன்று.

இன்று அப்பாத்திரத்தை எங்ஙனம் நிரப்புகின்றனர்? இயற்கை வாயுவிலுள்ள மெதேனையும் நீராவியையும், நிக்கல் ஊக்கியின்மேல், 700 முதல் 1,000 பாகை செல்சியசு வரையிலான வெப்பத்திலே தாக்கமுறச் செய்கின்றனர். ஐதரசன் பிரிகின்றது, மெதேனின் காபன் இறுதியிற் காபனீரொட்சைட்டாகி வானிலே கலக்கின்றது. ஒரு கிலோகிராம் ஐதரசனுக்கு ஏறத்தாழ 9 முதல் 10 கிலோகிராம் காபனீரொட்சைட்டு இவ்வாறு வெளியேறும். நிலக்கரியிலிருந்து ஆக்கினால் அத்தொகை ஏறக்குறைய இரட்டிக்கும். 2023 ஆம் ஆண்டில் உலகம் ஆக்கிய ஐதரசன் 9 கோடி 70 இலட்சம் தொன் அளவினது. அதில் நூற்றுக்கு ஒரு பங்குகூடக் குறைந்த மாசுடன் ஆக்கப்படவில்லை. யாம் வகுப்பிலே புகழ்ந்த தூய எரிபொருளின் நிலை இதுவே.

நீரை மின்னாற் பிரிக்கும் முறை புதியதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியதன்று. வோல்ற்றா தமது மின்னடுக்கை 1800 இல் அறிவித்த சில திங்களுக்குள்ளேயே, இலண்டனில் நிக்கல்சன், காலைல் என்னும் இருவர் அதனைக் கொண்டு நீரை ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரித்துவிட்டனர். அம்முறையை ஒரு பாடசாலை ஏழாண்டுக் காலம் நாடோறும் பயன்படுத்திய வரலாறு எம்மைப் பெரிதுங் கவர்ந்தது. ஆசிரியரும் மாணவரும் படிக்கும் மலராதலின் அதனைச் சிறிது விரித்துரைக்க விரும்புகின்றோம்.

டென்மார்க்கு நாட்டிலே அஸ்கோவ் என்னும் சிற்றூரில், நாட்டுப்புற இளைஞர் கற்கும் மக்கள் கல்லூரி ஒன்றுண்டு. அங்கே 1878 முதல் கணிதமும் பௌதிகமும் கற்பித்தவர் போல் லா கூர். மின்னொளி நகரங்களுக்கே உரியதாயிருந்த காலம் அது. கிராமத்தவர்க்கும் அது கிட்டுதல் வேண்டும் என அவ்வாசிரியர் எண்ணினார். டென்மார்க்கில் நிலக்கரி அரிது. காற்றோ வேண்டிய மட்டும் உண்டு. அரசாங்கத்தின் உதவி பெற்று 1891 இல் கல்லூரியின் அயலிலே காற்றாலை ஒன்றை எழுப்பி, அதனால் மின்பிறப்பாக்கி ஒன்றைச் சுழற்றினார். காற்று வீசாத இரவில் விளக்கெரிவது எங்ஙனம் என்னும் இடர் உடனே எதிர்ப்பட்டது. அதற்கு அவர் கண்ட வழி, காற்றுள்ள வேளையிற் பெறும் மின்னால் நீரைப் பிரித்து, வாயுவைச் சேமித்து வைத்தலாம். 12 கன மீற்றர் கொள்ளும் தாங்கியிலே ஐதரசன் சேர்ந்தது. 1895 முதல் 1902 வரை கல்லூரியின் விளக்குகள் அதனால் எரிந்தன. அவ்வாண்டுகளில் ஒருநாளேனும் ஒளி தவறவில்லை என்பர். தொல்லையும் இல்லாமற் போகவில்லை. சேமித்த ஐதரசனிலே சிறிதளவு ஒட்சிசன் கலந்துவிட்டமையால் வெடிப்பு நேர்ந்து, பாடசாலைக் கட்டடங்களின் யன்னற் கண்ணாடிகளைப் பலமுறை மாற்ற வேண்டியதாயிற்று. அக்கல்லூரி நிருவாகத்தினர் அவருக்கு என்ன கூறினரோ, யாம் அறியோம்.

1902 உடன் அம்முறை நின்றது. சேமிப்புக் கலங்களிலே மின்னை மின்னாகவே வைத்துக்கொள்வது எளிதாயிற்று. இதன் காரணத்தை ஒரு சிறு கணக்கினால் விளக்கலாம். ஒரு கிலோகிராம் ஐதரசன் தரக்கூடிய சத்தி ஏறத்தாழ 33 கிலோவாற்று மணி. நிறைக்கு நிறை நோக்கிற் பெற்றோலைப் போல் ஏறக்குறைய மும்மடங்கு. ஆனால், அந்த ஒரு கிலோகிராமை நீரிலிருந்து பெற இன்றைய நல்ல பொறிகளுக்கே 50 கிலோவாற்று மணிக்கு மேலே மின் வேண்டும். பின்னர் அதனை அமுக்கி, ஏற்றிச் சென்று, எரிபொருட்கலத்தில் மீண்டும் மின்னாக்கினால், முதலிற் கொடுத்ததில் மூன்றிலொரு பங்கே கைக்கு வரும். ஆகையால் மின்கம்பி எட்டும் இடத்திலே, அடுப்புக்கும் விளக்குக்கும் ஐதரசனை நாடுவது நட்டமான வாணிகம் என்பதே எமது கருத்து.

அவ்வாறாயின் அது வேண்டுவது எங்கே? மின்கம்பி செய்யமாட்டாத தொழில்கள் சிலவுள. அவற்றுள் முதன்மையானது பசளை. நைதரசனோடு ஐதரசன் கூடி அமோனியாவாகின்றது. அமோனியாவிலிருந்து யூரியா வருகின்றது. எம்மூர் விவசாயி நெல்லுக்கும் வெங்காயத்துக்கும் இடும் யூரியாவிலே ஐதரசன் உண்டு. 2021 இல் எமது நாட்டிலே இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது வயல்கள் பட்ட பாட்டை இம்மலரைப் படிப்போர் மறந்திரார். இரண்டாவது உருக்கு. இரும்புத் தாதிலுள்ள ஒட்சிசனைக் கற்கரியால் நீக்குவதே வழக்கம். அதனை ஐதரசனால் நீக்கினால் வெளிவருவது நீராவி. சுவீடன் நாட்டு லூலியோவில் 2021 இல் அவ்வாறு இரும்பு ஆக்கிக் காட்டினர்.

பசளைக்குத் தூய ஐதரசன் என்பதும் கனவன்று. நோர்வே நாட்டு இறியுக்கானில், வெமோர்க்கு நீர்வீழ்ச்சியின் மின்னைக் கொண்டு நீரைப் பிரிக்கும் பெருந் தொழிற்சாலை 1929 முதல் இயங்கிற்று. அங்கே பெற்ற ஐதரசன் அமோனியாவாகிப் பசளையாயிற்று. உலக யுத்த வரலாறு படித்தோர் அவ்விடத்தை வேறொரு காரணத்தால் அறிவர். மின்பகுப்பின் உடன்விளைவாகக் கிடைத்த பாரநீர் யேர்மனியரின் அணு ஆராய்ச்சிக்குச் செல்லாதவாறு, நோர்வே வீரர் 1943 பெப்ரவரியில் அங்கே நுழைந்து கலங்களைத் தகர்த்தனர். அச்செய்தியைப் படமாகவும் எடுத்துள்ளனர். ஆனால், 1971 இல் அத்தொழிற்சாலை மூடப்பட்டதைப் படமாக எடுப்பார் இலர். பெற்றோலியத்திலிருந்தும் இயற்கை வாயுவிலிருந்தும் மலிவான ஐதரசன் கிடைத்தமையால், நீர்வீழ்ச்சியின் ஐதரசனுக்குச் சந்தையில்லாமற் போயிற்று. குண்டு சில மாதங்களே நிறுத்தி வைத்த தொழிலை விலை முற்றாக நிறுத்திவிட்டது.

ஆகவே இன்றைய ஆராய்ச்சி பெரும்பாலும் விலையோடு நடக்கும் போராட்டமே. பொற்றாசியமைதரொட்சைட்டுக் கரைசலும் நிக்கல் மின்வாயும் கொண்ட பழைய வகைக் கலம் மலிவானது. ஆயினும் காற்றைப் போல ஏறியிறங்கும் மின்னுக்கு அது விரைவாக ஈடுகொடுப்பதில்லை. மெல்லிய மென்சவ்வு பொருத்திய புதுவகைக் கலம் விரைவிலே ஈடுகொடுக்கும். ஆனால் அதன் ஒரு மின்வாய்க்கு இரிடியம் என்னும் உலோகம் வேண்டும். உலகம் முழுவதிலும் ஆண்டுக்கு 10 தொன் இரிடியங்கூட அகழப்படுவதில்லை. இரிடியத்தைக் குறைத்தும், அதற்கு மாற்றாக நிக்கலையும் இரும்பையும் பயன்படுத்தியும் கலம் அமைக்கப் பல நாட்டு ஆய்வாளர் முயல்கின்றனர். கடல்நீரை நேரே பிரிக்க முயன்றால் ஒட்சிசனுக்குப் பதிலாகக் குளோரீன் எழுந்து மின்வாயை அரிக்கின்றது. எனவே கடல் நிறைய நீர் இருக்கின்றதே என்று யாம் சொன்ன விடையும் அவ்வளவு எளிதன்று. யப்பானியரான பியூசிசிமா, ஒண்டா என்போர் தைத்தேனியமீரொட்சைட்டின்மேல் ஒளி பாய்ச்சி நீரைப் பிரித்ததை 1972 இல் அறிவித்தனர். சூரியவொளி நேரே ஐதரசன் தரும் அவ்வழி அழகானது. ஆனால் விளைவு இன்றுஞ் சிறிது.

இவற்றையெல்லாம் அறிந்தபின், விஞ்ஞான ஆசிரியரின் இசைவு பெற்று அதே வகுப்புக்கு மறுபடியுஞ் சென்றோம். அவர் ஐதான சல்பூரிக்கமிலங் கலந்த நீரிலே மின்வாய்களை நிறுத்தி, சுவரிலுள்ள மின்னிணைப்பிலிருந்து தாழ்ந்த அழுத்த மின்னைச் செலுத்தினார். ஒரு குழாயிற் சேர்ந்த வாயு மற்றதிற் சேர்ந்ததன் இருமடங்காயிற்று. எரியுங் குச்சியை அணுக்கியபோது ஐதரசன் 'பொப்' என ஒலித்தது. பின்வரிசை மாணவன் இம்முறையும் எழுந்தான். "ஐயா, இந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது?" என்றான்.

அவனை அழைத்துக் கரும்பலகையிலே கணக்கிடச் சொன்னோம். நுரைச்சோலை நிலையத்தில் நிலக்கரியால் ஒரு கிலோவாற்று மணி மின் ஆக்க ஏறத்தாழ ஒரு கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளியேறும். ஒரு கிலோகிராம் ஐதரசனுக்கு 50 கிலோவாற்று மணி. எனவே அந்நிலையத்தின் மின்னால் மாத்திரம் நீரைப் பிரித்தால் 50 கிலோகிராம் காபனீரொட்சைட்டு உண்டாகும். யாம் மேலே குறை கூறிய மெதேன் முறையைப் போல் ஐந்து மடங்கு. வகுப்பிலே சிலர் சிரித்தனர். அவன் சிரிக்கவில்லை, எழுதிய எண்ணைத் திரும்பவும் சரிபார்த்தான்.

அதன்பின் ஆசிரியர் சிறிய சூரியப் பலகையொன்றை எடுத்து வந்து யன்னலருகே வெயிலில் வைத்து, கம்பிகளை அதனோடு மாற்றி இணைத்தார். குமிழிகள் முன்னிலும் மெதுவாக எழுந்தன. முகிலொன்று வெயிலை மறைத்தபோது அவையும் நின்றன. மாணவர் எல்லாரும் யன்னலண்டை வந்து வானத்தைப் பார்த்து நின்றனர். முகில் விலகிக் குமிழிகள் மீண்டும் எழத் தொடங்கிய வேளையிலே பாடம் முடிந்ததற்கான மணி அடித்தது, ஒருவரும் நகரவில்லை.